‘கொள்’ வந்தால் கொள்கை போச்சு: கூர்ப்பு படிப்பிக்க வருகிறவர்களுக்கு

களுவாஞ்சிக்குடியில் நான் வகுப்பெடுக்கும் ரியூட்டரியில் அறைக்கும் அறைக்கும் நடுவே தகரத் தட்டிதான். பக்கத்தில் பேசுவதெல்லாம் கேட்கும். போன மாதம் புதிதாக வந்த தம்பி ஒருவர் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கூர்ப்பு, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்த பாடம் (பரிணாமம்), எடுத்தார். நல்ல குரல், பிள்ளைகளும் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள், இருபது வருடத்துக்கு முதல் நான் விட்ட பிழைகளை வரிசைகூட மாறாமல் விட்டு முடித்தார். இடைவேளையில் பிளேன்ரீ குடிக்கும்போது அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

‘குரங்கிலிருந்து மனிதன் வந்தானா’ என்பதை நான் தொடப்போவதில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை என்று இப்போது பத்தாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லும்.

‘கொள்’

‘உயிரினம் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது.’ கேட்க நல்ல தமிழ். பிழை அந்தக் ‘கொள்’ளில் இருக்கிறது. சட்டையை மாற்றிக்கொண்டேன், மனதைத் தேற்றிக்கொண்டேன் என்கிறோம். செய்கிறவர் தனக்காகச் செய்கிறார் என்ற நினைப்பு அந்தத் துணைவினைக்குள்ளேயே கிடக்கிறது. அதை ஒரு பூச்சிக்குப் போட்டால், பூச்சிக்குத் தேவை வந்தது, அது முயன்றது, மாறியது என்று ஆகிவிடும். இயற்கைத் தேர்வில் இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை.

எனக்கு இது விளங்கியது மண்டூரிலிருந்து பாதையில் (மிதவைப் படகில்) ஏறி ஆற்றைக் கடந்து வந்த ஒரு பிள்ளையால். “சேர், அறக்கொட்டி மருந்துக்குப் பழகிட்டாம் எண்டு எங்கட அப்பா சொல்றார். அப்ப கூட அடிச்சா, பழக முதல் செத்திருமா?” என்று கேட்டாள். புத்தகத்தில் கபிலத் தத்தி என்று வரும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சிதான் அறக்கொட்டி. நானோ, “ஓம் மகள், பூச்சி தன்னை மாற்றிக்கொள்ளுது, அதுதான் கூர்ப்பு” என்று பெருமையாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். (இங்கே ‘கொள்’ சரி. அவள்தான் எழுதினாள், தனக்காக எழுதினாள்.)

அந்தப் பெரும்போகத்தில் அவளுடைய அப்பா அதே மருந்தை, அளவைக் கூட்டி, மூன்று தரம் அடித்திருக்கிறார். தை பிறக்கும்போது வயல் நெருப்புப் பட்டாற்போல வட்ட வட்டமாகக் கருகிக் கிடந்தது. நான் சொல்லாவிட்டாலும் அவர் அடித்திருப்பார்தான். ஆனாலும் ‘சேரும் அப்படித்தான் சொன்னார்’ என்று அவள் வீட்டில் சொன்னது பிறகு என் காதுக்கு வந்தது. இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். வயலில் இலட்சக்கணக்கில் தத்தி இருக்கிறது. எல்லாம் ஒன்றுபோல இல்லை. மருந்து வருவதற்கு முதலே, ஏதோ ஒரு விகாரத்தால், அதாவது பரம்பரையலகில் (ஜீனில்) தற்செயலாக வந்த மாற்றத்தால், அந்த மருந்தைத் தாங்கக்கூடிய சில அங்கே இருக்கலாம். மருந்து மற்றவற்றைக் கொன்று இந்தச் சிலவற்றுக்கு இடம் விடுகிறது. அடுத்த தலைமுறையில் அவற்றின் குஞ்சுகள்தான் கூட. எந்தத் தத்தியும் எதற்கும் பழகவில்லை, குடித்தொகைதான், மொத்தக் கூட்டம்தான், மாறியது. அளவைக் கூட்டுவது அரிக்கனைப் பெரிதாக்குவதுதான். தாங்காததெல்லாம் அரிபட்டுப் போகும், தாங்குவது மட்டும் மிஞ்சும். தத்தியைத் தின்னும் சிலந்திகளும் அதே மருந்தில் செத்துப்போகும் என்பது வேறு.

மருந்து என்று மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஐஆர் 26 என்ற இனம் 1973 இல் வந்தது. தத்திக்கு எதிர்ப்புள்ள பரம்பரையலகு அதில் இருந்தது. சில வருடத்துக்குள்ளேயே அந்த நெல்லிலும் பிழைக்கும் தத்தி பெருகிவிட்டது. எங்கள் இலங்கையில் மலேரியா நுளம்புக்கும் இதே கதை. டி.டி.ரி என்ற மருந்தைத் தாங்கும் நுளம்பு பெருகி, 1977 இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டி வந்தது.

இப்போது இந்தப் பாடத்துக்கு வாயைத் திறக்க முதல் ஒரு பச்சைத் துவாயை விரிப்பேன். 40 உழுந்து, 10 பச்சைப் பயறு. தோல் நீக்காத கறுத்த உழுந்தாக இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் குருவி. கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி 25 எடுக்க வேண்டும், தடவிப் பார்க்கக் கூடாது. மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே இனத்தில் ஒரு ‘பிள்ளை’ சேர்ப்போம். கடைசியாகச் செய்த அன்று முதல் சுற்றில் 23 உழுந்தும் 2 பயறும் போனது. மிஞ்சியது 17 உம் 8 உம், இரட்டித்தால் 34 உம் 16 உம். மூன்றாம் சுற்று முடிந்து இரட்டித்தபோது துவாயில் 40 பயறு, 10 உழுந்து. அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: “ஒரு உழுந்தாவது பச்சையா மாறிச்சா?”

அதற்குப் பிறகு யாராவது விடையில் ‘மாற்றிக்கொண்டது’ என்று எழுதினால் சிவப்புப் பேனையால் ‘கொண்டது’வை மட்டும் வெட்டுவேன். அந்த மண்டூர்ப் பிள்ளையின் கொப்பியை வெட்ட முடியவில்லையே என்று ஒவ்வொரு முறையும் நினைப்பு வரும்.

‘தேர்வு’ என்றால் யார் தேர்ந்தது?

இந்தக் குழப்பம் எங்கள் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ‘இயற்கைத் தேர்வு’ என்றதுமே தேர்ந்தெடுக்கும் ஓர் ஆளை வாசிக்கிறவர்கள் தேடுகிறார்கள் என்று 1866 இல் வாலஸ் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைத் தனியாகக் கண்டவர் வாலஸ். தத்துவவாதி ஹேர்பேட் ஸ்பென்சரின் ‘தக்கன பிழைத்தல்’ என்ற சொல்லை எடுத்து ஆளும்படி கடிதத்தில் கேட்டார். டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதைச் சேர்த்தார். ஒரு குழப்பம் போய் இன்னொன்று வந்தது.

தக்கது என்றால் தடியன்

இல்லை. பிள்ளைகுட்டி கூட விட்டுப்போனது.

ஒட்டகச்சிவிங்கி

எட்டி எட்டி இலை தின்று கழுத்து நீண்டது, அது பிள்ளைக்கும் போனது என்று டார்வினுக்கு முதலே சொன்னவர் லாமார்க். அவரைக் கோமாளியாக்கிச் சிரிக்கவைக்க ஒட்டகச்சிவிங்கிப் படத்தைக் கீறாதீர்கள். டார்வினின் முதற்பதிப்பில் ஒட்டகச்சிவிங்கியின் வால்தான் பேசப்படுகிறது, ஈ விரட்டும் கருவியாக. வாழ்நாளில் பெற்ற இயல்புகள் பிள்ளைக்குப் போகும் என்று டார்வினும் ஓரளவு நம்பியவர்தான்.

‘சமயம் எதிர்த்தது, விஞ்ஞானம் ஏற்றது’

இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். வகுப்பில் சைவம், வேதம் (கிறிஸ்தவம்), இஸ்லாம் எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சோலி வேண்டாம் என்ற பயம். எனக்கும் இருந்தது. ஆனால் வசனம் பிழை.

1858 யூலை 1 ஆம் திகதி லண்டன் லின்னியன் சங்கத்தில் இயற்கைத் தேர்வு பற்றி டார்வின், வாலஸ் இருவரின் எழுத்தும் வாசிக்கப்பட்டபோது ஒரு சத்தமும் எழவில்லை. டார்வின் வரவில்லை. குழந்தை இறந்து மூன்று நாள். வாலஸ் மலாய்த் தீவுகளில் இருந்தார். சங்கத் தலைவர் தாமஸ் பெல் அடுத்த ஆண்டு, கடந்த வருடத்தில் துறையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை என்று பேசினார். நூல் 1859 நவம்பரில் வந்த பிறகுதான் ஆரவாரம். அதிலும் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர், டார்வினுக்காக வாதாடியவர். ரிச்சர்ட் ஓவன் பெரிய உடலமைப்பியலாளர், கடுமையாகத் தாக்கியவர். 1882 இல் டார்வினை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். கூர்ப்பு நடந்தது என்பதைக் கொஞ்சக் காலத்துக்குள் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்றார்கள். இயற்கைத் தேர்வுதான் அதை நடத்தியது என்பதை ஏற்க 1930கள் வரை போயிற்று.

ஏன் அவ்வளவு காலம் என்றால், நல்ல கேள்விகள் இருந்தன. கூர்ப்பு நடக்கப் போதுமான வயது பூமிக்கு இல்லை என்று பௌதிகவியலாளர் கெல்வின் கணக்குக் காட்டினார். 1867 இல் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியியலாளர் கேட்டது அதைவிடக் கூர்மை: தாய் தகப்பன் இயல்புகள் கலந்துதான் பிள்ளை என்றால், புதிதாக வந்த ஒரு நல்ல இயல்பு சில தலைமுறையில் கரைந்துபோகாதா? டார்வினிடம் சரியான பதில் இல்லை. பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் என்ற துறவி எழுதிய பதில், இயல்புகள் கலந்து கரையாமல் தனித்தனியாகவே பிள்ளைக்குப் போகும் என்பது, 1866 இலேயே அச்சாகியிருந்தது. 1900 வரை அநேகமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இதே கேள்வியை என் வகுப்பில் பின் வாங்கிலிருந்த ஒரு பொடியன் கேட்டான். “சேர், பாலுக்குள்ள ஒரு சொட்டு தேத்தண்ணி விட்டாத் தெரியாமப் போயிருமே?” பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று அவனை இருத்திவிட்டேன்.