பையிலா, பாக்கெட்டிலா? கேமரா வாங்குமுன் ஒரு சர்வேயரின் அளவுகள்

ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் அக்கா மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். "மாமா, பாப்பாவைப் படம் எடுக்க ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கோம். மிரர்லெஸ் வாங்கவா, இல்ல சின்னதா பாக்கெட்ல போடுற மாதிரி வாங்கவா?" அவள் வீட்டுக்காரர் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்துவிட்டாராம். ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்லி, கடைசியில் மனிதர் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறாராம்.

நான் முப்பது வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன். எதையும் அளக்காமல் பேச வராது. நல்லவேளையாக என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்று சோனி ஏ6000, மிரர்லெஸ். இன்னொன்று சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, சட்டைப் பைக்குள் போகிறது. இரண்டும் 2014இல் வந்தவை. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், மெகாபிக்சலும் 24, 20 என்று பக்கத்துப் பக்கத்தில். இன்றைக்குக் கடையில் இருப்பவை வேறு மாடல்கள்தான். ஆனால் கணக்கு மாறவில்லை, அதனால் இவற்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பெயரில் உள்ள குழப்பம். மிரர்லெஸ் என்றால் பழைய பெரிய கேமராக்களில் இருந்த கண்ணாடி உள்ளே கிடையாது என்று அர்த்தம். பாக்கெட் கேமராவிலும்தான் கண்ணாடி கிடையாது! நமக்கு வேண்டிய வித்தியாசம் இரண்டே: மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம், உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் பெரும்பாலும் பெரிது. ஏ6000இன் சென்சார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100இன் சென்சார் 13.2க்கு 8.8. இந்தச் சின்னதுக்கு 'ஒரு இன்ச் சென்சார்' என்று பெயர். எந்தப் பக்கம் ஸ்கேல் வைத்தாலும், மூலைக்கு மூலை வைத்தாலும், ஒரு இன்ச் வராது. பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்காம். நான் இப்படி ஒரு எஃப்.எம்.பி. (நில அளவைப் படம்) வரைந்திருந்தால் தாசில்தார் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பார்.

பரப்பில் பெரியது சின்னதைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். கடைக்காரர் இதைச் சொல்லித்தான் மிரர்லெஸ்ஸைத் தலையில் கட்டுவார். அவர் சொல்லாமல் விடுவது லென்ஸின் துவாரத்தை.

இதை நீங்களே கடையில் நின்று கணக்குப் போடலாம். லென்ஸின் முகப்பு வளையத்தில் இரண்டு ஜோடி எண்கள் அச்சடித்திருக்கும். ஒரு ஜோடி மில்லிமீட்டர், மற்றது எஃப் எண். மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் விட்டம் வந்துவிடும். ஆர்எக்ஸ்100 மார்க் 3இல் 8.8 முதல் 25.7 என்றும், எஃப் 1.8 முதல் 2.8 என்றும் இருக்கும். 8.8ஐ 1.8ஆல் வகுத்தால் 4.9 மி.மீ. மறுமுனையில் 25.7ஐ 2.8ஆல் வகுத்தால் 9.2. இனி ஏ6000உடன் பெட்டியிலேயே வரும் கிட் லென்ஸ்: 16 முதல் 50, எஃப் 3.5 முதல் 5.6. கணக்குப் போட்டால் 4.6, பிறகு 8.9. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலக் காட்சியிலிருந்து ஒரே கிட்டக் காட்சிவரை பிடிக்கிற லென்ஸ்கள். அதாவது மூன்று மடங்கு பெரிய சென்சாருக்கு முன்னால் அதே அளவு ஓட்டை, சொல்லப்போனால் ஒரு நூல் சின்ன ஓட்டை. சாயங்காலத்துக்கு மேல் வீட்டுக்குள் ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் இரண்டு படத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் எங்கள் வீட்டுத் தார்சாவில் எடுத்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. பட்டப்பகலில், கேமரா அசையாமல் நிற்கும்போது பெரிய சென்சாருக்குக் கொஞ்சம் கை ஓங்கும்: வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் இருட்டுப் பகுதியை எடுத்த பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ள வசதி. அவ்வளவுதான்.

ஆகவே கிட் லென்ஸோடு மிரர்லெஸ் வாங்கி, கடைசிவரை அந்த லென்ஸையே மாட்டி வைத்திருக்கப் போகிறவர்கள், சட்டைப் பைக்குள் போகாத ஒரு பாக்கெட் கேமராவைத்தான் வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்து கேமரா வாங்கியவர்களில் பாதிப் பேர் இந்த ரகம். நானே நாலு வருஷம் இந்த ரகம்.

அதே ஏ6000இல் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் கதை வேறு. 35ஐ 1.8ஆல் வகுத்தால் 19.4 மி.மீ. அதே அளவு காட்சி வரும்படி பாக்கெட் கேமராவை ஜூம் செய்தால் துவாரம் 7 மி.மீ. அளவில்தான் நிற்கும். விட்டம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கீழே, அதனால் பரப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை விநாடியில் 125இல் ஒரு பங்கு வேகத்தில் பிடிக்க, இந்த லென்ஸில் ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்றி வைக்கிற எண்) 1600 போதுமானால், கிட் லென்ஸில் அதே இடத்துக்கு 12800 வேண்டும். 1600இல் குழந்தையின் கண்ணிமை தெரியும். 12800இல் ரவையைக் கொட்டியது மாதிரி இருக்கும். பின்னால் இருக்கும் துணிக்கொடி, கிரைண்டர், இன்வெர்ட்டர் எல்லாம் கரைந்து போவதும் இந்தப் பெரிய துவாரத்தால்தான்.

அதனால் அக்கா மகளிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டாவது லென்ஸ் வாங்குவியாட்டி?"

"அது தெரியலயே மாமா."

தெரியாவிட்டால் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. போனில் கடைசியாக எடுத்த இருநூறு படங்களை வரிசையாகப் பாருங்கள். நன்றாக வந்ததை விட்டுவிடுங்கள். சொதப்பியதை மட்டும் ஏன் சொதப்பியது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். வீட்டுக்குள் ஆள் அசைந்து கலங்கியது ஒரு கணக்கு. தூரத்தில் இருந்ததை இழுத்துப் பிசுபிசுத்துப் போனது இன்னொன்று. முகம் நன்றாக இருந்தும் பின்னணி கண்ணை உறுத்தியது மூன்றாவது. நாலாவதாக, எடுக்க நினைத்தும் எடுக்காமலே விட்டவை. இது போனில் இருக்காது, நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் அதிகமானால் மிரர்லெஸ்ஸும் ஒரு பிரைம் லென்ஸும் (அந்த 35 மாதிரி ஜூம் இல்லாதது). நாலாவது அதிகமானால் சின்னது. எதிலும் கோடே விழாவிட்டால் போனே போதும், அந்தக் காசில் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்.

தூரம் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மேடையில் பேத்தி ஆடுவது, கோபுரத்துச் சுதை என்கிற அளவுக்கு தூரம் என்றால், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24 முதல் 200 மி.மீ. வரை போகிற பாக்கெட் கேமராவே சமாளிக்கும். ஆர்எக்ஸ்100 மார்க் 7 அப்படி ஒன்று, 2019இல் வந்தது, எடை 302 கிராம். ஆனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் மஞ்சள்மூக்கு நாரை எடுக்க ஆசை என்றால் பேச்சே வேண்டாம். பறவைக்கு நீள லென்ஸ், நீள லென்ஸுக்கு மிரர்லெஸ். அந்த லென்ஸ் மட்டும் அரைக் கிலோவைத் தாண்டும், கேமராவை விட விலையும் கூடும். அதற்கும் சேர்த்து இப்போதே பட்ஜெட் போடுங்கள்.

அடுத்து பாக்கெட். 'பாக்கெட் கேமரா' என்று பெயர் வைத்தவர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அக்கா மகள் சொன்னாள்: "மாமா, என் குர்தியில பாக்கெட்டே கிடையாது." எனக்கு அதுவரை இது உறைக்கவே இல்லை. கைப்பையில்தான் வைக்கப் போகிறாள் என்றால் பாதிச் சாதகம் அங்கேயே போயிற்று. ஏ6000உம் 35 லென்ஸும் சேர்த்து அரைக் கிலோ, அவள் கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்காரும். ஆண்களுக்கும் ஒரு சோதனை: 300 கிராம் உளுந்தைப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பையில் போட்டு ஒரு நாள் முழுக்கக் கடைவீதி சுற்றுங்கள். பை தொங்கும், குனிந்தால் முன்னால் சரியும். வேட்டிக்காரர்களுக்கு மடியும் உதவாது. நான் பெல்ட்டில் கோக்கிற சின்ன உறை ஒன்றைத் தையற்காரரிடம் தைத்து வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, தேரோட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டு போனது எது என்று கேட்டால், சின்னதைத்தான். ரத வீதியில் நெல்லையப்பர் தேர் அசையும் நேரத்தில் வடத்துக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு கையும் தன் கை இல்லை. ஒரு கையால் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித் திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுக்க வேண்டும். அங்கே நின்று லென்ஸ் மாற்ற முடியாது. அதோடு, பெரிய கேமராவைப் பார்த்ததும் ஆட்கள் விறைத்துப்போய் போஸ் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் "எந்த டிவி?" என்பார்கள். சின்னதைத் தூக்கினால் ஏதோ உள்ளூர்க்காரர் என்று அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஷட்டரும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. ஆனால் உச்சி வெயிலில் பின்திரையில் ஒன்றுமே தெரியாது; கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் இருந்தாக வேண்டும். எந்த வகை வாங்கினாலும் இதைப் பாருங்கள், ஏனென்றால் பல கேமராக்களில் இதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். மிரர்லெஸ்ஸிலேயே ஃபுஜி எக்ஸ்-எம்5, சோனி இசட்வி-இ10 இரண்டிலும் கிடையாது. கேனான் ஆர்50இல் உண்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜாதி இருக்கிறது: பெரிய சென்சார், கழற்ற முடியாத ஒற்றை லென்ஸ், ஜூம் இல்லை. ரிக்கோ ஜிஆர் 3 வெறும் 257 கிராம், உள்ளே ஏ6000 அளவு சென்சார். நிஜமாகவே பாக்கெட்டில் போகும். ஆனால் வ்யூஃபைண்டர் கிடையாது, ஒரு பேட்டரிக்கு இருநூறு படம் என்பதுதான் கணக்கு. ஃபுஜி எக்ஸ்100 ஆறாவது மாடல் 2024இல் வந்தது, அழகான சாமான், 521 கிராம், விலை லட்சத்துக்கு மேல். எந்தச் சட்டைப் பையிலும் போகாது. அதை வாங்குகிறவர்கள் என்னைப் போன்றவர்களிடம் யோசனை கேட்டு வாங்குவதில்லை.

தூசியைப் பற்றி என் சொந்தக் கதை. ஒரு ஆடி மாதம், திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுக்குப் பழைய குட்டிக் கேமரா ஒன்றைக் கொண்டு போனேன். காற்றில் செம்மண் நடந்து போவதைப் படம் எடுக்கலாம் என்று கிறுக்குத்தனம். லென்ஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளே இழுக்கும் என்பது அன்றைக்குத் தெரியாது. மூன்றாவது தடவை நீண்ட லென்ஸ் 'கிர்ர்' என்று பாதியில் நின்றது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ரிப்பேர்க் கடையில், லென்ஸ் முழுசையும் மாற்ற வேண்டும், கேமரா விலையில் பாதி ஆகும் என்றார்கள். மிரர்லெஸ்ஸிலும் லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் தூசி உட்காரும். ஆனால் அதைக் கைப்பம்பால் ஊதிவிடலாம். கடற்கரை, செம்மண், களத்துமேடு என்று சுற்றுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழசாக வாங்குவதானால், பாக்கெட் கேமராவை இருபது தடவை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. லென்ஸ் ஒரே சீராக வந்து போக வேண்டும். பிறகு எஃப் 11இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் புள்ளி தெரிந்தால், மிரர்லெஸ் என்றால் பேரம் பேசலாம், பாக்கெட் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். லென்ஸுக்குள் போன் டார்ச்சை அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல் மாதிரித் தெரியும். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு தோல் உறைக்குள் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். எங்கள் வீட்டில் அது முன்பு முறுக்கு டப்பா.

ஒரு சின்ன விஷயம், இரண்டு வகைக்கும் பொது. எல்இடி விளக்குக்குக் கீழே படத்தில் வரி வரியாக விழுந்தால் கேமராவைச் சந்தேகப்படாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றில் வையுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

அக்கா மகள் தாளில் கோடு போட்டு அனுப்பினாள். வீட்டுக்குள் கலங்கியது 61. பின்னணி உறுத்தியது 22. தூரம் 4. எடுக்காமல் விட்டவை என்ற இடத்தில், "நிறைய, ஆனா அது கேமராவால இல்ல மாமா, கை சோத்துக் கையா இருந்துச்சு" என்று எழுதியிருந்தாள். கேமரா உடலை மட்டும் வாங்கு, கிட் லென்ஸ் வேண்டாம், 35 ஒன்று போதும் என்றேன். வாங்குமுன் இரண்டு வாரம் பழகிப் பார்க்கட்டும் என்று என் ஏ6000ஐ அந்த லென்ஸோடு கூரியரில் அனுப்பி வைத்தேன்.

தீபாவளிக்கு வரும்போது கொண்டு வருகிறாளாம். அக்காதான் சொன்னாள். போன தீபாவளிக்கும் அப்படித்தான் சொன்னாள்.