ரேம் எரர், கோளாறு சாக்கெட்டில்

மூன்று நாள் டெஸ்க்டாப் பூட் ஆகவில்லை. ஃபேன் சுற்றும், மதர்போர்டில் ரேம் கோளாறைக் காட்டும் டிராம் விளக்கு எரியும், திரை கருப்பு. ரேமின் தங்க முனைகளை ரப்பரால் துடைத்தேன், பயாஸ் செட்டிங்ஸைக் காக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், புது ரேமும் வாங்கினேன். பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: எந்த ரேமானாலும் சிபியூவை ஒட்டிய இரண்டு ஸ்லாட்டில் மட்டுமே தகராறு. மற்ற இரண்டில் விண்டோஸ் வரை போகிறது. அதாவது ஒரு சேனலே, அந்த இரண்டு ஸ்லாட்டையும் சிபியூவோடு இணைக்கும் பாதையே, செத்திருக்கிறது. ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இருப்பதோ சிபியூவுக்குள். போன வாரம் சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்ற சிபியூவைக் கழற்றியது ஞாபகம் வந்தது.

சிபியூவை எடுத்துவிட்டு, அது உட்காரும், பின்கள் நிறைந்த எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். நேராக அடித்தால் தெரியாது. வரிசையில் ஒரே ஒரு பின் மட்டும் மின்னவில்லை, படுத்திருந்தது. லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சில் முனையால் மெல்ல நிமிர்த்தினேன். இப்போது நான்கு ஸ்லாட்டும் ஓடுகின்றன. அப்பாடா!