தலைச்சுற்று வந்தால் முதலில் அளந்து பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் வீட்டில் ஒருவருக்குத் தலைச்சுற்று வந்தால் "பிரசர்தான்" என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். ஏறிவிட்டது என்று நினைப்பவர் இன்னொரு குளிசையைக் கொடுக்கிறார். இறங்கிவிட்டது என்று நினைப்பவர் தேசிக்காய்ச் சாற்றில் உப்பைக் கரைத்துக் கொடுக்கிறார். ஊகம் பிழைத்தால் இரண்டும் தீங்கு செய்யும். உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது என்பதால், உடம்பு சொல்வதை நம்பி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம்.

அளப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தேநீர், கோப்பி, புகையிலை, கடின வேலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் கதிரையில் இருங்கள். அளக்கும் கருவியின் பட்டியைச் சட்டைக் கைக்கு மேலாகச் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, அந்தக் கையை நெஞ்சு உயரத்தில் மேசைமீது வையுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை, காலையில் குளிசைக்கு முன்னும் மாலையிலும், ஏழு நாட்கள் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கிளினிக்கில் 140/90, வீட்டில் சராசரியாக 135/85, அல்லது இவற்றுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது உயர் அமுக்கம். 90/60க்குக் குறைவதைத் தாழ் அமுக்கம் என்பர். ஆனால் தலைச்சுற்றோ மயக்கமோ இல்லாதவருக்கு அந்த எண் மட்டும் நோயாகிவிடாது.

குருதிப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் கிளினிக்குக்குப் போகும் பலர் அன்று காலைக் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். பிறகு பஸ்ஸில் நெரிபட்டு வந்து அளக்கும்போது அளவு கூடியிருப்பது வியப்பல்ல. வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, பிரசர் குளிசையைச் சிறிது தண்ணீருடன் எடுக்கலாம். என் தாயார் அளவு சீரானதும் "சுகம் வந்துவிட்டது" என்று தாமாகவே குளிசையை நிறுத்தினார். சில வாரங்களில் அது முன்னிருந்த இடத்துக்கே ஏறியது. சீராக வைத்திருந்தது அந்தக் குளிசைதான் என்பதை அவருக்கு முன்பே விளங்கப்படுத்தாதது எனக்கு இன்றும் வருத்தம்.

உணவில் முதலில் குறைக்க வேண்டியது உப்பு. ஒரு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும். கருவாடு, நெத்தலி, ஊறுகாய், மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளும் உப்புத்தூள், சூப் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை இருமுறை மாற்றினால் உப்பு ஓரளவு குறையும். வயல் வேலைக்குப் பின் உடல் நோவுக்காக வாங்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்ற குளிசைகளும், கசாயத்தில் நாள்தோறும் சேரும் அதிமதுரமும் அமுக்கத்தைக் கூட்டக்கூடியவை.

தாழ் அமுக்கத்துக்கு நம் பகுதியில் பெரிய காரணம் வெயிலும் நீரிழப்புமே. அறுவடைக் காலத்திலும், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரையிலும், நோன்பு நாட்களிலும், சிறுநீரைக் கூட்டும் பிரசர் குளிசை எடுப்பவர்கள் எளிதில் மயங்கி விழுவார்கள். யாத்திரைக்கோ நோன்புக்கோ முன்பாகவே வைத்தியரிடம் குளிசை எடுக்கும் நேரத்தையும் அளவையும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலும் அவரிடம் கேளுங்கள். மயக்கம் வந்தவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். நினைவு தெளிந்த பின்னரே தண்ணீரோ, நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சீனிக் கரைசலான ஜீவனியோ கொடுங்கள். எழும்போது தலை சுற்றுகிறவர் கட்டில் விளிம்பில் சற்று இருந்து எழும்புவதுடன், படுத்தும் நின்றும் எடுத்த அளவுகளை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அளவு 180/120க்கு மேல் இருந்து வேறு துன்பம் இல்லையென்றால், ஓய்வெடுத்து மீண்டும் அளந்து, குறையாவிட்டால் அன்றே வைத்தியரைக் காணுங்கள். மேலதிகக் குளிசை விழுங்க வேண்டாம். நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், முகம் கோணல், ஒரு பக்கம் வலுவிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், அளவு எதுவாயினும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூளைக்குப் போகும் குருதிக் குழாயை உறைவு அடைக்கும் பாரிசவாதத்தில், அந்த உறைவைக் கரைக்கும் மருந்தை வழமையாக நான்கரை மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்க முடியும்.