கைசர் வால்ஸ்: இசைப்பவர்களும் அறிமுகம் எழுதுபவர்களும் சறுக்கும் இடங்கள்

வால்ஸ் என்பது மூன்றடித் தாளத்தில் ஓடும் நடன இசை; கைசர் என்றால் பேரரசர். வியன்னா இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராஸின் கைசர் வால்ஸ் மேடையேறும்போதெல்லாம் அறிமுகக் குறிப்பில் ஒரு பிழை வந்து உட்கார்ந்துகொள்ளும்: ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் ஆட்சி விழாவுக்காக எழுதியதாம். விழாவுக்கு எழுதியது வேறு. அவர் அரியணை ஏறி 40 ஆண்டு நிறைந்தபோது, 1888-இல் வந்த ஜூபிலி வால்ஸ் அது, ஓபஸ் (படைப்பு எண்) 434. கைசர் வால்ஸ் ஓபஸ் 437, அடுத்த ஆண்டு வந்தது. அதில் இரண்டு பேரரசர்கள் இருக்கிறார்கள். 1889 ஆகஸ்டில் பிரான்ஸ் ஜோசப் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மைச் சந்திக்கப் போனார். அந்த நட்பை வைத்து ஸ்ட்ராஸ் முதலில் இட்ட பெயர் 'கையோடு கை'. எந்தப் பேரரசர் என்று சொல்லாத இப்போதைய தலைப்பு பதிப்பாளர் சிம்ராக்கின் யோசனை. இருவரில் யாரும் முகம் சுளிக்க முடியாது. நல்ல வியாபார மூளை! முதல் அரங்கேற்றமும் வியன்னாவில் இல்லை, பெர்லினில், அக்டோபர் 21 அன்று.

எழுதியவர் மகன் ஸ்ட்ராஸ் (1825–1899). ராடெட்ஸ்கி மார்ச் என்ற புகழ்பெற்ற அணிவகுப்பு இசை அதே பெயருள்ள அப்பாவுடையது. இன்னொரு இசையமைப்பாளரான ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இந்தக் குடும்பமே இல்லை.

வாசிப்புக்கு வருவோம். தொடக்கம் வால்ஸ் அல்ல, மெல்லிய ஒலியில் வரும் அணிவகுப்பு நடை. ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் இதைப் பலர் அவசரமாகத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது பேரரசர் என்றதும் முதல் வரியிலேயே முழங்குகிறார்கள். இங்கே ஒலியைச் செலவழித்துவிட்டால் பிறகு வரும் ஏற்றம் எடுபடாது. நடனத்துக்கு வாசித்தால், செல்லோவின் (தாழ்ந்த குரலுள்ள பெரிய வயலின் வகை) தனி வரி முடிந்து மூன்றின் கணக்கு தொடங்கும்வரை ஜோடிகளைத் தளத்தில் இறக்காதீர்கள்.

அதிகம் கெடுவது மெட்டுக்கு அடியில் ஓடும் துணைத் தாளம். தகிட, தகிட என்று மூன்றையும் சம இடைவெளியில் அடித்தால் கடிகாரம் ஓடுவதுபோல் இருக்கும். வியன்னா வழக்கத்தில் இரண்டாம் அடி இம்மி முன்னால் விழும். மூன்றாவது தன் இடத்தில், எடையில்லாமல் வரும். அதைச் செய்ய வேண்டியவர்கள் இரண்டாம் வயலின்களும் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களும். முதல் அடியை, மிகத் தாழ்ந்த ஒலியுள்ள டபுள் பாஸ் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மெட்டை வாசிப்பவர்களும் சேர்ந்து முந்தினால் எல்லாம் கலைந்துவிடும். எல்லா வரியிலும் இரண்டாம் அடியை ஒரே அளவு முந்த வைத்தாலும் அது நையாண்டியாகிவிடும். பாடும் வரிகளில் கொஞ்சம் கூட்டி, துள்ளும் பகுதிகளில் ஏறக்குறைய விட்டுவிடுவதே அழகு.

முடிவுப் பகுதியில் முதல் வால்ஸ் மெட்டு செல்லோவில் மெதுவாகத் திரும்பி வந்து அடங்கும். அரங்கம் கைதட்டிவிடுவது இங்கேதான். நடத்துநர் கையை இறக்காமல் வைத்திருக்க வேண்டும். டிரம்பெட்டும் டிம்பனி முரசின் உருட்டலும் இன்னும் பாக்கி.

சிறு குழுக்கள் 1925-இல் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் செய்த ஏழு பேர் வடிவத்தை எடுப்பதுண்டு: புல்லாங்குழல், கிளாரினெட், பியானோ, இரண்டு வயலின், வயோலா, செல்லோ. டபுள் பாஸ் கிடையாது. செல்லோ மெட்டுக்குப் போகும் இடங்களில் பியானோவின் இடதுகை முதல் அடியைத் தாங்கியாக வேண்டும். பெடலை நீளமாக மிதித்தால் அந்த அடியே குழம்பிப்போகும்.