முழங்காலை மடக்கி நெடுநேரம் அமர்பவர்கள் செய்யும் தவறுகள்

முழங்காலை மடக்கி அமர்ந்தாலே கால்களின் இரத்தவோட்டம் கெட்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், கால்களுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் இதயத்துக்கு ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசையே பெரிதும் துணை நிற்கிறது. நடக்கும்போது அத்தசை சுருங்கி, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களான சிரைகளைப் பிழிய, சிரைகளின் உள்ளே இருக்கும் வால்வுகள் இரத்தம் மீண்டும் கீழே வழிந்துவிடாமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரைகளில் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் அழுத்தம், அவர் சில அடிகள் நடந்ததுமே 30க்கு அருகே இறங்கிவிடுகிறது.

ஆகவே, பழியை முழுவதும் முழங்கால் மடக்கத்தின்மீது போடுவதுதான் முதல் தவறு. சம்மணமிட்டு உண்பதனால் நலமான இரத்தக்குழாய்கள் கெட்டுவிடுவதில்லை. மடக்கிய காலை மணிக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பதே கெடுதல். முழங்காலின் பின்குழியில் செல்லும் தமனி (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்), கால் மடங்கும்போது தானும் வளைகிறது. நெடுநேரம் அமர்ந்திருந்தால் அதில் இரத்தவோட்டம் குறைவதோடு, தேவைக்கேற்ப விரியும் திறனும் மங்குகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்களை 3 மணி நேரம் அமரவைத்து, ஒரு காலை மட்டும் 1 நிமிடம் அசைப்பதும் 4 நிமிடம் நிறுத்துவதுமாக இருக்கச் செய்தார்கள். அசைந்த காலின் தமனி தன் திறனை இழக்கவில்லை, அசையாத காலின் தமனியில் அது குறைந்தது. இவ்வளவு எளிய தடுப்பு கையில் இருக்கும்போது, அதை அலுவலகங்களில் எவரும் சொல்லித்தராதது வருத்தத்துக்குரியது.

இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்துமாறு அமர்வது அடுத்த தவறு. 1940இல், குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் பதுங்கிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலிகளில் கிடந்தவர்களிடையே நுரையீரல் இரத்த உறைவால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த மருத்துவர் கீத் சிம்ப்சன், நாற்காலியின் முன்சட்டம் கால்களை அழுத்தியதையும் ஒரு காரணமாகக் கருதினார். பாதங்கள் தரையில் முழுதாகப் படியாவிட்டால், அடியில் ஒரு பலகையை வைத்துக்கொள்ளலாம்.

கால்மேல் கால் போட்டு அமரும்போது கால் மரத்துப்போனால் இரத்தம் நின்றுவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அங்கே அழுந்துவது இரத்தக்குழாய் அன்று, உணர்ச்சியைக் கடத்தும் நரம்புதான்.

பேருந்திலோ விமானத்திலோ 4 மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து செல்வோருக்குச் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என உலக சுகாதார அமைப்பு 2007இல் அறிவித்தது. நலமாக இருப்பவருக்கு அது அப்போதும் சிறிய வாய்ப்பே என்றாலும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கருவுற்றவர்களும் புறப்படுமுன் மருத்துவரிடம் பேசுவது நல்லது. பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது மிக ஆபத்தான தவறு; உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.