கம்பைனர் ரோபோ செட்டைச் சோதிப்பது எப்படி? இடுப்பைப் பாருங்கள்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். தெருவோரக் கடை ஒன்றில் அக்கா பையன் ஒரு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றான். பொக்லைன், கிரேன், டிப்பர், சிமெண்ட் கலவை லாரி என்று ஆறு வண்டிகள். ஒவ்வொன்றும் ஒரு ரோபோவாக மாறும், ஆறும் சேர்ந்தால் ஒரே ராட்சத ரோபோ. இந்த வகைக்குத்தான் கம்பைனர் என்று பெயர். 650 ரூபாய். வேலூர் வருவதற்குள் பஸ்ஸிலேயே மூன்றை மாற்றிவிட்டான். ராத்திரி சத்துவாச்சாரி வீட்டில் ஆறையும் பூட்டி நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். மெதுவாக முன்னால் குனிந்து அப்படியே மடங்கி விழுந்தது.

"மாமா, இதுக்கு இடுப்புல பலமே இல்ல."

எட்டு வயசுப் பையன் சரியான இடத்தைத் தொட்டுவிட்டான். கம்பைனர் செட்டின் தரம் இடுப்பில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு கையில் எடுத்த ஒவ்வொரு செட்டையும் கீழே சொல்லும் வரிசையில்தான் பார்க்கிறேன். ஒரு வெள்ளைத் துணி, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நிறமில்லாத நெயில் பாலிஷ் இருந்தால் போதும்.

படி 1: கடையிலேயே பெட்டியைப் பாருங்கள்

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். நான் வாங்கிய பெட்டியில் அந்த முத்திரையே இல்லை, அவசரத்தில் கவனிக்கவில்லை. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்த வகைப் பொம்மையே வேண்டாம். கழன்று வரும் முஷ்டியும் துப்பாக்கியும் நேராக வாய்க்குத்தான் போகும்.

அடுத்து, பின்பக்கப் படம். பெரிய ரோபோவின் தலை, கை முஷ்டி, பாதம் எல்லாம் வண்டிக்குள்ளிருந்தே வருகிறதா, தனித் துண்டாக வருகிறதா? ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை வரிசையில் 1985-இல் வந்த டெவஸ்டேட்டர் என்ற ராட்சத ரோபோதான் இந்த ஆறு வண்டி செட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. அதிலேயே முஷ்டி, தலை போன்றவை தனித் துண்டுகள்தான். அவை தொலைந்தால் ஆறு வண்டிகள் இருந்தும் முழு உருவம் வராது. அதனால் தனித் துண்டு குறைவாக உள்ள செட் பிள்ளைகளுக்கு நல்லது.

படி 2: துணியில் பரப்பி எண்ணுங்கள்

செய்முறைத் தாளோடு ஒத்துப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு தேட வேண்டிய நாள் கட்டாயம் வரும்.

படி 3: வண்டியாக ஓட்டுங்கள்

சிமெண்ட் தரையில் தள்ளுங்கள். நான்கு சக்கரமும் சுற்ற வேண்டும். வண்டியின் அடியில் ரோபோவின் கை தொங்கித் தரையில் உரசினால் வடிவமைப்பில் அக்கறை இல்லை என்று அர்த்தம்.

படி 4: மாற்றும்போது கையின் சொல்லைக் கேளுங்கள்

புதியவர்கள் பொம்மையை உடைப்பது இங்கேதான். முதல் தடவை நீங்களே, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, மெதுவாகச் செய்யுங்கள். மூட்டு இரண்டு வகை. ஒன்று பந்து மூட்டு: உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இழுத்தால் கழன்று வரும், அழுத்தினால் திரும்ப உட்காரும், பயமில்லை. இன்னொன்று கம்பி கோத்த மூட்டு. அது ஒரே திசையில்தான் மடங்கும், வேறு பக்கம் திருப்பினால் முறிந்தே போகும். மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு விழுந்தால் உடனே நிறுத்துங்கள். அது முறிவதற்கு முந்தைய அடையாளம். எங்கோ ஒரு முளை துளையிலிருந்து வெளிவராமல் சிக்கியிருக்கும், அதைத் தேடி விடுவித்துவிட்டுத் தொடருங்கள்.

படி 5: தனி ரோபோ

பிடிக்காமல் நிற்கிறதா, தலை திரும்புகிறதா, முழங்கை மடங்குகிறதா? பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடுவது இந்த உருவத்தில்தான். அதனால் இதில் தேறாத செட்டுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

படி 6: சேர்த்துப் பூட்டுங்கள்

எப்போதும் இடுப்பிலிருந்து தொடங்குங்கள். டெவஸ்டேட்டரில் லாங் ஹால் என்ற டிப்பர்தான் இடுப்பு. மேலே நெஞ்சாக ஹூக் என்ற கிரேன், இரண்டு பக்கமும் கையாக ஒரு பொக்லைனும் ஒரு புல்டோசரும். இத்தனை பாரமும் அந்த டிப்பரில்தான் இறங்குகிறது. உங்கள் செட்டிலும் இடுப்பாக வரும் வண்டியின் தொடையை மட்டும் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி கடக் கடக் என்று சத்தம் வந்தால் உள்ளே பல் வைத்த மூட்டு, பாரம் தாங்கும். சத்தமே இல்லாமல் வழுக்கிப் போனால் வெறும் உராய்வில் நிற்கிறது, நாளாக ஆகத் தளரும். எங்கள் 650 ரூபாய் செட் இந்த ரகம்தான்.

அடுத்து மூன்று சோதனை. நெஞ்சைப் பிடித்துத் தூக்குங்கள், கால் கழன்று விழக் கூடாது. ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நிறுத்துங்கள், சாயக் கூடாது. ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் பாருங்கள். நல்ல செட் நிறுத்திய கோணத்திலேயே நிற்கும்.

கை வேறு, கால் வேறு என்று இல்லாத செட்டுகளும் உண்டு. 2015-இல் வந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ஸின் கம்பைனர் வார்ஸ் வரிசையில் ஒரு பெரிய ரோபோ உடலாகும், நான்கு சின்ன ரோபோக்களில் எதையும் கையாகவோ காலாகவோ மாட்டலாம். அப்படிப்பட்டதென்றால் நான்கையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். கையாக நன்றாக இருப்பது காலாகப் போனதும் தள்ளாடலாம்.

படி 7: தளர்ந்ததைச் சரி செய்யுங்கள்

பந்து மூட்டைக் கழற்றி, உருண்டையின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாக ஒரு பூச்சு. ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் ஒட்டிக்கொண்டுவிடும். ஸ்க்ரூ தெரியும் மூட்டு என்றால் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள், அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக்கின் மரை போய்விடும். ரோபோவின் மெத்தென்ற பிளாஸ்டிக் கத்தி வளைந்திருந்தால், அதைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் விட்டால் அப்படியே நிற்கும்.

எங்கள் செட்டில் தொடை ஸ்க்ரூவை முடுக்கினேன், தோளுக்கு நெயில் பாலிஷ் போட்டேன். இப்போது கால் இரண்டையும் அகட்டி வைத்தால் நிற்கிறது, ஒரு கால் முன்னால் வைத்தால் விழுகிறது. பையன் அதை ஆறு வண்டியாகவே வைத்து மணல் அள்ளுகிறான். விளையாடி முடித்ததும் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், பூட்டியபடியே விட்டால் மூட்டு எப்போதும் பாரத்திலேயே இருக்கும். மொட்டை மாடியிலும் கார் கண்ணாடி ஓரத்திலும் வைக்க வேண்டாம். வேலூர் சித்திரை வெயிலில் ஸ்டிக்கர் உரிந்து, மெத்தென்ற துண்டுகள் ஒரே மதியத்தில் வளைந்துவிடும்.