கல்வித் தொழில்நுட்ப ஆய்வு மாநாட்டில் முதல்முறை பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு வரும் கட்டுரைகளைப் பல வருடங்களாக மதிப்பிட்டு வருகிறேன். சில அமர்வுகளுக்குத் தலைமையும் ஏற்கிறேன். முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பல, ஆரம்பத்தில் நானும் செய்தவைதான். ஸ்லைடில் எழுத்தைக் குறையுங்கள், நேரத்துக்குள் முடியுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செயலியையும் வகுப்பையும் மோதவிடுவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு வகுப்புக்குச் செயலி, இன்னொரு வகுப்புக்கு வழக்கமான பாடம். அப்புறம் முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, பி மதிப்பு (தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்). செயலி வகுப்பு அதிக மதிப்பெண் எடுத்திருக்கிறது, ஆகவே செயலி கற்றலை மேம்படுத்துகிறது என்று முடிவுரை. இப்படி ஒரு கட்டுரையாவது வராத கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

அண்மையில் ஓர் அமர்வில் முனைவர் பட்ட மாணவி ஒருவர் தெளிவாக, நம்பிக்கையோடு பேசினார். அட்டவணையில் செயலிக் குழுவின் வரிசை மட்டும் பச்சை நிறத்தில், தடித்த எழுத்தில் இருந்தது. முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: “செயலியில் எப்போதம்மா படித்தார்கள்?”

“பள்ளி முடிந்த பிறகு, சார். தினமும் அரை மணி நேரம்.”

“மற்ற வகுப்பு அந்த அரை மணி நேரம் என்ன செய்தது?”

அந்தக் கேள்வியோடு கட்டுரை முடிந்துபோனது. மற்ற வகுப்பு வீட்டுக்குப் போயிருந்தது. கூடுதல் நேரம் படித்தவர்கள் கூடுதலாகக் கற்றார்கள் என்பதற்கு மேல் அந்தத் தரவிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அந்த மாணவிமேல் எனக்கு வருத்தமே இல்லை. வழிகாட்டி, துறைக் குழு, மதிப்பீட்டாளர்கள் என்று இத்தனை பேர் கண்ணில் படாமல் அந்த வடிவமைப்பு மேடைவரை வந்ததுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. தரவு சேகரிப்பதற்கு முன்பு யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த மாணவியின் உழைப்பு வீணாகியிருக்காது.

இது புதிய சிக்கலும் இல்லை. கல்வி ஆய்வாளர் ரிச்சர்டு கிளார்க் 1983-லேயே, பாடம் எந்த வழியில் வந்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்று பார்க்கும் ஊடக ஒப்பீட்டு ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரி நம் உடம்பின் சத்தைக் கூட்டாது, ஊடகமும் பாடத்தைச் சுமந்துவரும் வண்டிதான் என்பது அவர் வாதம். இரண்டு குழுக்களுக்கும் ஒரே ஆசிரியர் பாடம் தயாரித்தால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்றும், புதுப்பொருளின் ஈர்ப்பு பழகப் பழகக் குறைந்து பலனும் தேய்கிறது என்றும் அவர் காட்டினார். ஊடகத்தையும் கற்பிக்கும் முறையையும் அப்படித் தனித்தனியே பிரிக்க முடியாது என்று ராபர்ட் கோஸ்மா 1991-இலும் 1994-இலும் மறுத்தார். நான் கோஸ்மா பக்கம் சாய்கிறவன். தாளில் செய்யவே முடியாத சிலவற்றைத் திரையில் செய்யலாம். ஆனால் இருவரில் யார் பக்கம் நின்றாலும், எதனால் வித்தியாசம் வந்தது என்று சொல்லாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

இதே வடிவமைப்பில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், ஆகவே மாதிரி 80 என்று எழுதுகிறார்கள். யாருக்குச் செயலி என்பதை வகுப்புவாரியாக முடிவு செய்திருந்தால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டே இரண்டு வகுப்புகளை. ஒன்றுக்கு நல்ல ஆசிரியர் அமைந்திருந்தால் அதுவே முடிவை மாற்றிவிடும். பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை மதிப்பிட்டவர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, எந்தப் பள்ளிக்கு மடிக்கணினி என்பதைக் குலுக்கலில் விட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று 2012-இல் அறிக்கை வந்தது. பள்ளிகளின் எண்ணிக்கை அவ்வளவு இருந்ததால்தான் அந்த முடிவை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

சரி, ஒரு மாணவருக்கு 319 பள்ளிகள் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். மின்னல் எப்படி உருவாகிறது என்ற அசைபடத்தை வைத்து ரிச்சர்டு மேயரும் ராக்சனா மொரேனோவும் 1998-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு விளக்கம் குரலாக வந்தது, மற்றதற்கு அதே சொற்கள் திரையில் எழுத்தாக வந்தன. படமும் ஒன்றே, சொற்களும் ஒன்றே. மாறியது ஒரே ஒரு விஷயம். குரலில் கேட்டவர்கள், கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் முந்தினார்கள். உங்கள் செயலிக்குள்ளேயே இப்படி ஒன்றைத் தேடுங்கள். விடை தவறானதும் காரணத்தைச் சொல்லிவிடலாமா, முதலில் மறுமுயற்சி தரலாமா? ஒரே வகுப்பிலேயே மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்கலாம். ஆசிரியர், நேரம், புதுமை எல்லாம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

“மாணவர்களுக்குப் பிடித்திருந்தது”

பிடித்திருப்பது வேறு, கற்பது வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

மூலத்தைப் படிக்காத மேற்கோள்

வாசிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம் மனத்தில் நிற்கும் என்று ஒரு முக்கோணப் படம் இன்னும் ஸ்லைடுகளில் வருகிறது. கீழே அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் பெயர். 1946-இல் டேல் வரைந்த அனுபவக் கூம்பில் சதவீதமே கிடையாது, எண்களைப் பிறகு யாரோ சேர்த்தார்கள். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் 1984 கட்டுரைக்கும் இதே கதிதான். தனிப்பயிற்சி மாணவரை இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்த்தும் என்பதை முன்னுரையில் எல்லோரும் போடுகிறார்கள். அந்த எண்ணுக்கு அடிப்படை, சில வாரங்களே நடந்த இரண்டு முனைவர் பட்ட ஆய்வுகள். கர்ட் வான்லென் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர் தரும் தனிப்பயிற்சியின் பலன் 0.79 திட்ட விலக்கம்தான். அவையில் இதைப் படித்தவர் ஒருவராவது இருப்பார்.

தரவுக்கு முந்திய ஆய்வுச்சுருக்கம்

கூட்டத்துக்குப் பல மாதங்கள் முன்பே ஆய்வுச்சுருக்கம் கேட்பார்கள். தேர்வே நடத்தாமல் ‘முடிவுகள் கூட்டத்தில் விவாதிக்கப்படும்’ என்று எழுதி அனுப்பினால் நான் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன். முடிவு கையில் இல்லையென்றால் போஸ்டருக்கு, அதாவது ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டிவைத்துப் பக்கத்தில் நின்று விளக்கும் அமர்வுக்கு, அனுப்புங்கள். போஸ்டர் ஒன்றும் குறைந்தது இல்லை. மேடையில் ஒரு கேள்விக்கு மேல் நேரம் இருக்காது, போஸ்டருக்கு முன்னால் ஒரே ஆளிடம் இருபது நிமிடம் பேசலாம். வடிவமைப்பைத் திருத்திக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

அரங்கத்து வைஃபை

நம்ப வேண்டாம். டெமோவைப் பதிவு செய்து எடுத்துப் போங்கள்.

குழந்தைகளின் முகம்

ஆய்வில் சேர்வதற்குப் பெற்றோர் தந்த ஒப்புதல், திரையில் முகம் காட்டுவதற்கான ஒப்புதல் ஆகாது. அரங்கில் எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. முகத்தை மறைத்துவிடுங்கள்.

பேசி முடித்ததும் கிளம்புவது

கடைசி நாளின் பொதுக்குழுக் கூட்டம் அலுப்பூட்டும் என்று பலர் அதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டின் தலைப்புகள், நிகழ்ச்சிக் குழு, மதிப்பீட்டாளர் பட்டியல் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பேசப்படும். மதிப்பீடு செய்ய ஆள் போதவில்லை என்று தலைவர் கேட்கும்போது கையைத் தூக்குங்கள். மற்றவர்களின் கட்டுரைகள் நான்கைந்தை மதிப்பிட்ட பிறகு, உங்கள் கட்டுரையில் எந்த இடத்தில் கேள்வி வரும் என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.